பனிமலையில் மாட்டு மணி ஓசை

அந்த நாளில் தோட்டத்துக் கடையில் வாங்கிய பால் டின்னை நினைத்துப் பாருங்கள். தலையில் பால் பாத்திரத்தைச் சுமந்தபடி ஒரு பெண் அதன் மேல் நிற்பாள். மலாய்க்காரர்கள் அதற்குச் 'சாப் ஜுன்ஜுங்' என்று பெயர் வைத்தார்கள். ஜுன்ஜுங் என்றால் தலையில் சுமப்பது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடும் அவசரத்தில் தேநீரில் கலந்து குடித்தோமே, அந்தப் பால்தான். அந்தப் பெண் எந்த ஊர்க்காரி என்று என்றைக்காவது யோசித்ததுண்டா? 1866-ஆம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து நாட்டில் சாம் என்ற சிற்றூரில், பேஜ் சகோதரர்கள் என்னும் இரண்டு அமெரிக்கர்கள் டின் பால் கம்பெனி ஒன்றைத் தொடங்கினார்கள். அந்தக் கம்பெனியின் முத்திரை அவள். 1905-ல் அது நெஸ்லே கம்பெனியோடு சேர்ந்தது. 1912-ல் பினாங்கில் வந்து கடை விரித்தது. ஸ்விட்சர்லாந்துக்கும் நம் லயத்து அடுப்படிக்கும் உள்ள தொடர்பு நூறு ஆண்டைத் தாண்டிவிட்டது.

ஆனால் ஸ்விட்சர்லாந்து என்றதும் நமக்கு நினைவு வருவது பால் டின் அல்ல, சினிமாப் பாட்டு. கதாநாயகன் கம்பளிச் சட்டைக்குள் பத்திரமாக இருப்பான். கதாநாயகி மட்டும் மெல்லிய சேலையில் பனிமேல் ஓடுவாள். அந்த நாட்டில் லா பிரெவீன் என்ற ஊரில் 1987 ஜனவரி 12-ஆம் நாள் பதிவான குளிர் எவ்வளவு தெரியுமா? சுழியத்துக்குக் கீழே 41.8 பாகை. அந்தக் குளிரில் மெல்லிய சேலை பாட்டின் பல்லவி முடியும்வரைகூடத் தாங்காது.

மந்தினிலும் செத்துலிலும் லெங்கெங்கிலும் இருக்கும் நமக்கு டிசம்பர் என்றால் அடைமழை. துணி காயாது, பால் வெட்டு நின்று போகும், பேர் விழாது. நம் சங்கடம் அத்தோடு சரி. அங்கே மலையூர்களில் நவம்பரில் விழும் பனி ஏப்ரல் வரை கிடக்கும். சில பள்ளத்தாக்கு ஊர்களில் மலை மறைப்பதால் குளிர்காலத்தில் மாதக்கணக்கில் வெயிலே விழாது. இன்று அந்த நாட்டில் இலங்கைத் தமிழர் சுமார் 50,000 பேர் வாழ்கிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆனால் அவர்கள் போய்ச் சேர்ந்த மலைக்காரர்கள் யார், எப்படிப் பிழைத்தவர்கள் என்று தெரியாமல் அந்தக் கதை விளங்காது. முதலில் அதைப் பார்ப்போம்.

புல்லுக் கணக்கு

ஸ்விட்சர்லாந்து நம் பகாங் மாநிலத்தைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவுதான். அதில் பெரும்பகுதி மலை. இன்று வங்கியும் கடிகாரமும் சாக்லேட்டும் அந்த நாட்டுக்குப் பெயர். ஆனால் மலைக்காரனுக்கு நானூறு ஐந்நூறு ஆண்டுகளாகச் சொத்து என்று இருந்தவை மாடு, புல், கொஞ்சம் தானியம். மாட்டுக்குக் குளிர்காலம் முழுவதும் தொழுவத்தில் வைத்துத் தீனி போட வேண்டும். ஒரு மாடு நாளைக்குப் பத்துப் பதினைந்து கிலோ காய்ந்த புல் தின்னும். ஆறு மாதத்துக்கு இரண்டு டன்னுக்கு மேல் ஆகிறது. கோடையில் அந்த இரண்டு டன்னைச் சேர்க்காதவன் மாடு, பனிக்காலம் முடியுமுன் விழுந்துவிடும். லயத்தில் மாடு வைத்திருந்த வீட்டுக்காரர்களுக்கு இது புரியும். வேலை முடிந்து வந்தபின் அரிவாளோடு புல்லுக்குப் போன கால்கள் அல்லவா நம் தாய்மார்களுடையவை!

வாலிஸ் மாநிலத்தில் டோர்பெல் என்று ஒரு மலையூர். 1517-ஆம் ஆண்டிலேயே அந்த ஊரார் ஒரு விதியை எழுதி வைத்தார்கள். குளிர்காலத்தில் தன் தொழுவத்தில் எத்தனை மாட்டுக்கு ஒருவனால் தீனி போட முடியுமோ, அத்தனை மாடுகளை மட்டுமே அவன் ஊர்ப்பொது மேய்ச்சல் மலைக்குக் கோடையில் அனுப்பலாம். அதற்கு மேல் ஒரு மாடும் கூடாது. மீறினால் அபராதம். அபராதம் வசூலிக்கும் ஊர் அதிகாரிக்கு அதில் பாதி சொந்தம். அப்புறம் அவர் கண்ணை மூடிக்கொண்டு இருப்பாரா? பணக்காரன் வெளியிலிருந்து மாடு வாங்கி வந்து பொதுப்புல்லை மேய்த்துவிட்டு, பனி விழுமுன் விற்றுக் காசாக்கும் வழி இந்த ஒரே விதியால் அடைபட்டது. வாசகர்கள் சற்று நிதானமாக நினைத்துப் பார்க்க வேண்டிய இடம் இது. பொதுச்சொத்து என்றால் எல்லாரும் சுரண்டி அழித்துவிடுவார்கள், ஒன்று அரசாங்கம் பிடிக்க வேண்டும் அல்லது தனியாருக்கு விற்க வேண்டும் என்று படித்தவர்கள் பலர் சொல்லி வந்தார்கள். எலினார் ஆஸ்ட்ராம் என்ற அமெரிக்கப் பெண்மணி அதை மறுத்தார். அவர் காட்டிய சான்றுகளில் டோர்பெல் மலையூரும் ஒன்று. 2009-ல் அவருக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துறையில் அப்பரிசு பெற்ற முதல் பெண் அவர்தான்.

புல் சேர்ப்பதும் எளிதல்ல. ஊரி மாநிலத்தில் மாடு கால் வைக்க முடியாத செங்குத்துச் சரிவுகளில், காலணியில் ஆணி முள் கட்டிக்கொண்டு, ஆடவரும் பெண்டிரும் அரிவாளால் புல் அறுப்பார்கள். கால் தவறினால் கீழே பாறைதான். அறுத்த புல்லைக் காயவைத்து மூட்டையாகக் கட்டி, கம்பியில் மாட்டிக் கீழே விடுவார்கள். இன்றும் சில குடும்பங்கள் இதைச் செய்கின்றன.

கோடையில் மாடுகள் மேய்ச்சல் மலைக்கு ஏறும். ஜூனில் போனால் செப்டம்பரில்தான் இறங்கும். கூடப் போகும் மேய்ப்பர்கள் அங்கேயே குடிசையில் தங்கிப் பால் கறந்து பாலாடைக்கட்டி செய்வார்கள். குளிர்காலத்துக்குப் பாலைச் சேமித்து வைக்க அவர்களுக்குத் தெரிந்த வழி அது. மாலை இருட்டும் நேரத்தில் சில மலைகளில் மேய்ப்பன் மரப் புனல் ஒன்றை வாயில் வைத்து, தெய்வத்தையும் புனிதர்களையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மாட்டையும் மனிதரையும் காக்கும்படி உரக்க வேண்டுவான். அவன் குரல் எட்டும் தூரம்வரை அன்றிரவு காவல் உண்டு என்பது நம்பிக்கை. நம் தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குச் சூடம் கொளுத்தியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் பெர்ன் மாநிலத்து யுஸ்டிஸ்டால் பள்ளத்தாக்கில் கணக்குத் தீர்க்கும் நாள் ஒன்று வரும். கோடை முழுவதும் செய்த பாலாடைக்கட்டிகளை அடுக்கடுக்காக வைத்து, எவர் மாடு எவ்வளவு பால் தந்ததோ அந்த விகிதத்தில் பங்கு போடுவார்கள். எந்த அடுக்கு யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கலில் முடிவாகும். நல்ல கட்டி எனக்கு, உடைந்தது உனக்கு என்ற சண்டைக்கு இடமே இல்லை.

பிறகு மாடுகள் மலை இறங்கும். கொம்புக்கிடையே பூக்கிரீடம், கழுத்தில் மணி. அதிகம் பால் கொடுத்த மாடு, எல்லாவற்றிலும் பெரிய மணியைச் சுமந்து முன்னே நடக்கும். ஊரே தெருவோரம் நின்று பார்க்கும். ஆல்ப்ஸ் மலையின் சில பகுதிகளில், அந்தக் கோடையில் வீட்டில் சாவு நேர்ந்தாலோ மாடு ஒன்று பாறையில் விழுந்து இறந்தாலோ, பூ வைக்காமல் அமைதியாக இறக்கி வருவது வழக்கம். கொம்புக்குச் சாயம் பூசி, மாலை போட்டு, நெற்றியில் பொட்டு வைத்து மாட்டுப் பொங்கல் கொண்டாடும் நாம் இதைப் பார்த்தால் வேற்று நாட்டு வழக்கம் என்று சொல்லமாட்டோம். 2023 டிசம்பரில் ஐக்கிய நாட்டு யுனெஸ்கோ அமைப்பு, இந்த மலைமேய்ச்சல் வழக்கத்தை மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

பிள்ளைகளை அனுப்பிய ஊர்கள்

இவ்வளவு சொன்னதும் அழகான வாழ்க்கை என்று எண்ணிவிடாதீர்கள். மலை எல்லார்க்கும் சோறு போடவில்லை. கிரிசன்ஸ் மாநிலத்து ஏழைப் பெற்றோர் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளை மார்ச் மாதத்தில் பனி உருகுமுன்பே கால்நடையாக மலை கடக்க அனுப்பினார்கள். தெற்கு ஜெர்மனியில் ராவன்ஸ்பர்க் போன்ற ஊர்களில் பிள்ளைச் சந்தை கூடும். பண்ணைக்காரர்கள் வந்து பார்த்து, பேசி, கூட்டிப் போவார்கள். நவம்பர்வரை மாடு மேய்த்துத் திரும்பும் பிள்ளைக்குக் கிடைத்தது ஒரு ஜோடி காலணி, ஒரு செட்டு உடுப்பு, கொஞ்சம் காசு. வீட்டில் தின்னும் வாய் ஒன்று அத்தனை மாதம் குறைந்ததே பெற்றோருக்குப் பெரிய ஆறுதல். 1921-ல் அந்த ஜெர்மன் பகுதியில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போயாக வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன்பின் அந்த வழக்கம் மடிந்தது.

தெற்கே திச்சினோ மாநிலத்துச் சிறுவர்கள் இத்தாலியில் புகைக்கூண்டு துடைக்கப் போனார்கள். ஒல்லியான உடம்புதான் கூண்டுக்குள் நுழையும் என்பதால் சிறுவர்களுக்குக் கிராக்கி. உள்நாட்டிலோ இன்னும் மோசம். அநாதைகளையும் ஏழைப் பிள்ளைகளையும் ஊர்ச்சபையே பிடித்துப் பண்ணைகளில் வேலைக்கு விட்டது. சில ஊர்களில், குறைந்த படியளப்பைக் கேட்பவர் எவரோ அவரிடம் பிள்ளையைத் தள்ளிவிட்டார்கள். அடியும் பட்டினியும் அந்தப் பிள்ளைகளின் பங்கு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியைத் தாண்டியும் இது நடந்தது. 2013 ஏப்ரலில் ஸ்விஸ் அரசாங்கம் உயிரோடு இருந்த அந்த முதியவர்களை அழைத்துப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 2017 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி ஒவ்வொருவருக்கும் 25,000 பிராங்க் கொடுத்தார்கள். பள்ளிக்குப் போகுமுன் அம்மாவோடு காட்டில் ஒட்டுப்பால் பிடுங்கி, கை நாற்றத்தோடு வகுப்பில் உட்கார்ந்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. அவர்களிடம் இதுவரை யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தெரியவில்லை.

மணியடித்துக் குளிரை விரட்டுவது

பனிக்காலத்தில் வயலில் வேலை இல்லை, வழி இல்லை, வெளிச்சமும் குறைவு. இருட்டும் பயமும் சேர்ந்த அந்த நாட்களில்தான் அவர்களுடைய விழாக்கள் எல்லாம் நெருக்கமாக வருகின்றன.

டிசம்பர் 6-ஆம் நாள் தாடி வைத்த 'சாமிக்லவுஸ்' தாத்தா பிள்ளைகளுக்குக் கடலையும் ஆரஞ்சும் கொண்டு வருவார். கூடவே முகத்தில் கரி பூசிய ஓர் ஆள் வருவான். அவன் பெயர் ஷ்முட்ஸ்லி. குறும்பு செய்த பிள்ளையைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டு போய்விடுவான் என்பார்கள். நம்மூர்ப் பூச்சாண்டியின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் விசேஷமானது அப்பென்செல் பகுதியில் உர்னேஷ் என்ற ஊரில் நடப்பது. அங்கே புத்தாண்டுக்கு முந்திய நாள் இரண்டு முறை வரும்! ஒன்று டிசம்பர் 31. மற்றொன்று ஜனவரி 13. போப்பாண்டவர் கிரிகோரி 1582-ல் நாள்காட்டியைத் திருத்தியபோது, புராட்டஸ்டண்ட் மதத்தவரான அந்த ஊரார் போப்பாண்டவர் சொன்ன நாளை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும் என்று பழையதையே பிடித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் புதியதை ஏற்றபோதும் பழைய நாளை விட்டுவிட மனம் வரவில்லை.

அன்று விடியுமுன், நம் ஆட்கள் நெற்றி விளக்கோடு காட்டுக்குக் கிளம்பிய அதே நேரத்தில், ஆடவர் கூட்டம் கூட்டமாக முகமூடி அணிந்து பண்ணை வீடுகளுக்குக் கிளம்புவார்கள். ஒரு கூட்டம் 'அழகர்கள்'. தலைமேல் வீடு, மாடு, மரம் வெட்டுவோர் என்று ஊர் வாழ்க்கையையே மரத்தில் செதுக்கி வைத்த பெரிய கிரீடம் இருக்கும். ஒரு கூட்டம் 'அவலட்சணங்கள்'. வைக்கோல், தோல், பல் நீண்ட முகமூடி. மூன்றாவது கூட்டம் தேவதாரு இலையும் பாசியும் ஒட்டிய உடையில் காடே நடந்து வருவதுபோல் வரும். உடம்பில் கட்டிய மணிகளின் கனம் கொஞ்சமல்ல. வீட்டு வாசலில் நின்று மணிகளைக் குலுக்கி, வட்டமாகக் கூடிச் சொல் இல்லாத ஒரு பாட்டை நீட்டிப் பாடுவார்கள். வார்த்தை ஒன்றும் கிடையாது, ராகம் மட்டும். வீட்டுக்காரர் ஒவ்வொருவரிடமும் கை குலுக்கி நல்லாண்டு சொல்லி, சூடான ஒயின் கொடுப்பார். முகமூடியைக் கழற்றக்கூடாதே, ஆகவே உறிஞ்சுகுழல் வைத்துத்தான் குடிக்க வேண்டும்.

வாலிஸ் மாநிலத்தில் லோட்ஷென்டால் பள்ளத்தாக்கின் 'செகெட்டா' வேடம் இவ்வளவு மரியாதையானதல்ல. பிப்ரவரியில் மாலை வேளைகளில் ஆட்டுத்தோல் போர்த்தி, கோரமான மர முகமூடியுடன், இடுப்பில் மாட்டு மணி கட்டிய இளைஞர்கள் தெருவில் வருவார்கள். அகப்பட்டவர் முகத்தில் பனியைத் தேய்ப்பார்கள். முன்பெல்லாம் மணமாகாத இளைஞர்கள் மட்டும் கட்டிய வேடம் அது. அந்த மாலைகளில் பெண்பிள்ளைகள் கதவைச் சாத்திக்கொண்டு சன்னல் வழியே பார்ப்பார்களாம்.

எங்காடின் பள்ளத்தாக்கில் மார்ச் 1-ஆம் நாள் பிள்ளைகளுக்குச் சொந்தம். மாட்டு மணிகளை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் குளிர்காலத்தை விரட்டுவார்கள். அந்தப் பக்கத்துப் பழைய வீடுகளில் மாட்டுக்கும் மனிதருக்கும் ஒரே கூரை. ஐந்து மாதமாக அடைந்து கிடந்த மணிகளைப் பிள்ளைகள் தொழுவத்திலிருந்து எடுத்து வருகிறார்கள். சூரிச் நகரத்திலோ ஏப்ரலில் பஞ்சு வைத்துச் செய்த வெண்ணிறப் பொம்மையைக் கம்பத்தில் ஏற்றிக் கொளுத்துகிறார்கள். தலைக்குள் வெடி இருக்கும். தலை சீக்கிரம் வெடித்தால் நல்ல கோடை வரும் என்பது கணக்கு. 2023-ல் வெடிக்க 57 நிமிடம் ஆனது. ஊரே முகம் சுளித்தது. மழை வேண்டிக் கொடும்பாவி கட்டி இழுத்துக் கொளுத்திய நம் முன்னோர், வெயில் வேண்டிக் கொளுத்தும் இவர்களைப் பார்த்தால் சிரித்திருப்பார்கள்.

மேலே இருக்கும் காடு

பனி அழகு மட்டும் அல்ல. மலைச்சரிவில் அடுக்கடுக்காகச் சேர்ந்த பனி ஒருநாள் திடீரென்று வழுக்கி, ஒரு மலையே இறங்கியது போல ஊர்மேல் விழும். 1951 குளிர்காலத்தில் மட்டும் ஸ்விட்சர்லாந்தில் பனிச்சரிவில் 98 பேர் மாண்டார்கள். ஆண்டர்மாட் என்ற ஊரில் ஜனவரி 20-ஆம் நாள் ஒன்றில் மட்டும் 13 பேர்.

அந்த ஆண்டர்மாட் ஊரார் 1397-லேயே ஒரு சாசனம் எழுதினார்கள்: ஊருக்கு மேலே இருக்கும் காட்டில் யாரும் மரம் வெட்டக்கூடாது, சுள்ளியோ காயோகூட எடுக்கக்கூடாது. ஏன்? சரிந்து வரும் பனியை அந்த மரங்கள்தான் தடுக்கும். குளிரில் விறகுக்குத் தவித்த ஏழைகள், கண்ணெதிரே விறகு நிற்க, அதைத் தொடுவதில்லை என்று தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்டார்கள்! 1876-ல் உயர்மலைப் பகுதிகளுக்குக் காட்டுச் சட்டம் வந்தது. டாவோஸ் மலையில் பனியை ஆராய ஒரு நிலையம் இருக்கிறது. குளிர்காலத்தில் நாளுக்கு இரண்டு முறை, இன்ன மலையில் இன்ன அளவு ஆபத்து என்று அறிவிப்பு வெளியிடுகிறார்கள்.

அண்மையில் நடந்ததைக் கேளுங்கள். செகெட்டா வேடம் கட்டும் அதே லோட்ஷென்டால் பள்ளத்தாக்கில் பிளாட்டன் என்று ஓர் ஊர். சுமார் 300 பேர். 2025 மே மாதத்தில் ஊருக்கு மேலே பாறை நகர்வதைக் கண்காணிப்பாளர்கள் கண்டார்கள். மே 19-ஆம் நாள் ஊர் முழுவதையும் காலி செய்யச் சொன்னார்கள். மாடுகளையும் வெளியேற்றினார்கள்; நடக்க முடியாத மாடு ஒன்று ஹெலிகாப்டரில் தொங்கிக்கொண்டு போனது. ஒன்பது நாள் கழித்து, மே 28-ல் பனியாறு பாறையோடு இடிந்து விழுந்து ஊரின் பெரும்பகுதியைப் புதைத்தது. வீடுகள், தேவாலயம், நூற்றாண்டு மரவீடுகள் எல்லாம் போயின. வெளியே இருந்த ஒரு மேய்ப்பர் உயிரிழந்தார். மற்ற எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள்.

இதைப் படிக்கும்போது எனக்கு வேறு இரண்டு ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. மூணாறு அருகே பெட்டிமுடி. 2020 ஆகஸ்ட் 6 இரவு, அடைமழையில் மலை சரிந்து தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலும் தமிழ்க் குடும்பங்கள். இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29 காலையில் மண் சரிந்து லயன்களைப் புதைத்தது. அந்த இடம் ஆபத்தானது என்ற எச்சரிக்கை முன்பே இருந்தது. மலை எங்கும் மலைதான். பிளாட்டனில் ஒன்பது நாள் முன்னதாக மாட்டுக்குக்கூட வண்டி வந்தது. இங்கே மனிதருக்கு ஒரு லாரி வரவில்லை. ஸ்விட்சர்லாந்து பணக்கார நாடு, அதனால் முடிகிறது என்று சிலர் சொல்லக்கூடும். 1397-ல் ஆண்டர்மாட் பணக்கார ஊர் அல்லவே!

அடுப்படியில் நம்மவர்

பணம் பின்னால் வந்தது. பனிக்காலத்தில் மலைக்கு வந்து சறுக்கி விளையாடலாம் என்று வெள்ளைக்காரக் கனவான்களுக்கு ஆசை காட்டியவர் செயின்ட் மோரிட்ஸ் ஊர் ஓட்டல்காரர் யோகான்னஸ் பாத்ருட் என்று சொல்வார்கள்; 1864-ல் நடந்ததாகச் சொல்லப்படும் கதை அது. பிறகு ரயில் வந்தது, கம்பி வண்டி வந்தது, மலையூரெல்லாம் ஓட்டல் ஆனது. எந்தப் பனியைக் கண்டு ஊர் நடுங்கியதோ அதே பனி சோறு போட ஆரம்பித்தது.

அந்த ஓட்டல்களிலும் நகரத்து உணவகங்களிலும் தட்டுக் கழுவி, காய் நறுக்கி, பிறகு சமையலையே கையில் எடுத்துக்கொண்டவர்கள் நம்மவர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப்பின் யாழ்ப்பாணத்திலிருந்தும் மற்றப் பகுதிகளிலிருந்தும் இளைஞர்கள் அடைக்கலம் தேடிப் போனார்கள். வெயிலில் வளர்ந்த உடம்பு, மொழி தெரியாது, ஊரில் குண்டு விழுகிறது. ஆரம்பத்தில் அந்நாட்டுப் பத்திரிகைகள் சில அவர்களைச் சந்தேகத்தோடுதான் எழுதின. குளிருக்குப் போட்ட தோல் சட்டையைக்கூடக் கேலி செய்தன. பத்துப் பதினைந்து ஆண்டில் பேச்சு மாறியது. தமிழர் நேரத்துக்கு வருவார், வேலையை முடித்துவிட்டுப் போவார் என்று முதலாளிமார் சொல்ல ஆரம்பித்தார்கள். இன்று அவர்கள் பிள்ளைகள் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் அலுவலகங்களிலும் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ், வெளியில் ஸ்விஸ் ஜெர்மன்.

குளிரில் உடுத்துவதை அந்நாட்டார் வெங்காய முறை என்பார்கள். ஒரே தடிச்சட்டை போடாமல், வெங்காயத் தோல்போல் மூன்று நான்கு மெல்லிய உடுப்பை அடுக்க வேண்டும். உள்ளே போனால் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். கோவிலுக்குப் போகும் பெண்கள் சேலைக்கு உள்ளே கம்பளிக் காலுறையும், மேலே பெரிய கோட்டும் போட்டுக்கொண்டு போகிறார்கள். சினிமாக் கதாநாயகிக்கு இதை யாராவது சொல்லியிருக்கலாம்.

சூரிச் அருகே அட்லிஸ்வில்லில் சிவசுப்பிரமணியர் கோவில் இருக்கிறது. தேர்த் திருவிழாவை அங்கே கோடையில்தான் வைக்க முடியும். தலைநகர் பெர்னில் 2014 டிசம்பரில் திறந்த 'சமயங்களின் இல்லம்' என்ற கட்டடத்தில் சிவன் கோவிலும், பள்ளிவாசலும், கிறிஸ்துவ ஆலயமும், பௌத்த கூடமும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. அந்தச் சிவன் கோவிலில் வழிபாடு தமிழில் நடக்கிறது. பெண்களும் பூசை செய்கிறார்கள். மந்தினில் இதை வெளிப்படையாகச் சொன்னால் கோவில் கமிட்டியில் இரண்டு கட்சி பிறக்கும்!

மலையோரத்தில் ஐன்சீடெல்ன் என்ற பழைய மடத்தில் கருநிற முகத்து மாதா இருக்கிறாள். வேளாங்கண்ணிக்குப் போகும் மனத்தோடு தமிழ்க் கத்தோலிக்கர்கள் அங்கே போகிறார்கள், இந்துக்களும் போகிறார்கள். பாசல் பக்கத்து மரியஸ்டைன் மாதாவுக்கும் அப்படியே. எங்கள் நிறம் அந்த அம்மாவுக்கு என்று உரிமையோடு மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள்.

ஜனவரி 13-ல் உர்னேஷ் மலையில் பழைய புத்தாண்டு மணி ஒலிக்கும்போது நம் வீடுகளில் பெரும்பாலும் போகி. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ பொங்கல். ஸ்விஸ் நாட்டுத் தமிழ் வீடுகளில் வாசலில் அடுப்பு மூட்ட முடியாது. வெளியே முழங்கால் அளவு பனி கிடக்கலாம். மின்சார அடுப்பில் பானையை வைத்து, புகை மணி அலறாமலிருக்கச் சன்னலைத் திறந்து வைத்துப் பால் பொங்கும்வரை நிற்கிறார்கள். அந்த மாதத்தில் அங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் சூரியன் எழும். மலை மறைக்கும் ஊர்களில் இன்னும் தாமதம். அதுவரை அடுப்பைச் சிறு தீயில் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.